பிஞ்சு முதுகும் பெரியோர் கையும்

அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரிலே தொழில் புரிந்த கைரோபிரக்டிக் சிகிச்சையாளர் ஒருவர், பிறந்து இரண்டு வாரமே ஆன சிசுவொன்றுக்குத் தாம் செய்த சிகிச்சையைக் காணொளியாகப் பதிந்து 2018ஆம் ஆண்டில் உலகறிய வெளியிட்டார். சிசுவைக் காலிற் பிடித்துத் தலைகீழாகத் தூக்கியதும், வில் விசையால் இயங்கும் சிறு கருவியொன்றை அதன் முதுகின் அடியில் வைத்துத் தட்டியதும் அதிலே காணப்பட்டன. தமது தொழிலுக்கு விளம்பரமாக அவர் வெளியிட்ட அதனைக் கண்டோர் திடுக்கிட்டனர். 2019 பெப்ரவரியில் விக்ரோறியா மாநிலச் சுகாதார அமைச்சர் தலையிட்டார். அடுத்த மாதமே அந்நாட்டுக் கைரோபிரக்டிக் சபை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் முள்ளந்தண்டைக் கையால் அழுத்தித் திருத்தும் சிகிச்சையை நிறுத்திவைக்குமாறு தன் தொழிலினருக்கு இடைக்கால ஆணை பிறப்பித்தது. 2023 நவம்பரில் அதே சபை அத்தடையை நீக்கியது. 2024 யூனில், சுகாதார அமைச்சர்களின் வேண்டுகோளுக்கிணங்க, நீக்கிய தடையை மீண்டும் விதித்தது.

வைப்பதும் எடுப்பதும் மீண்டும் வைப்பதுமாகிய இத்தடுமாற்றத்தை நாம் வேற்றூர்ச் செய்தியென்று தள்ளிவிட முடியாது. மெல்பேணும் ரொறன்ரோவும் இலண்டனும் இன்று நம் பேரப்பிள்ளைகள் பிறந்து வளரும் நகரங்கள். அங்கெல்லாம் கைரோபிரக்டிக் சட்டத்தால் ஏற்கப்பட்ட தொழில். பெயர்ப்பலகையும் வெள்ளை அங்கியும் சுவரிலே சான்றிதழும் உள்ள ஓரிடத்துக்கு அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் இளந்தாயைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் அங்கே அக்குழந்தைக்குச் செய்யப்படுவது யாது, அதனாற் கிடைப்பது யாது என்ற கேள்விகளை எழுப்பும் உரிமை எல்லோருக்கும் உண்டு. தடை சரியானதே என்பது என் கருத்து. ஆனால் தடையை ஆதரிப்போர் வழக்கமாகச் சொல்லும் காரணம் எனக்கு உடன்பாடானதன்று.

முதலிலே இவ்வைத்தியத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் தகும். கனடாவின் ஒன்ராறியோவில் 1845ஆம் ஆண்டு பிறந்து ஐக்கிய அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த டானியல் டேவிட் பாமர் என்பவரே இதன் மூலவர். அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரிலே அவர் காந்த வைத்தியம் நடத்திவந்தார். 1895 செப்ரெம்பரில், அவர் இருந்த கட்டிடத்திலே பராமரிப்பு வேலை செய்த ஹார்வி லில்லாட் என்னும் செவிப்புலன் குறைந்த மனிதரின் முதுகெலும்பொன்றை அழுத்திச் சரிசெய்ததாகவும், உடனே அவருக்குக் காது கேட்டதாகவும் பாமர் உரைத்தார். செவி நரம்பு உட்காதிலிருந்து மண்டையோட்டுக்குள்ளேயே மூளைத் தண்டைச் சென்றடைவது. முதுகின் பக்கம் அது எட்டியும் பார்ப்பதில்லை. உடற்கூற்று நூலைப் புரட்டிய எந்த மாணவனும் எழுப்பக்கூடிய இத்தடையைப் பாமர் பொருட்படுத்தவில்லை. 1897இல் அவர் ஒரு கல்லூரியே தொடங்கினார். உடலினுள்ளே பிறவி அறிவாகிய ஒரு சக்தி ஓடுகின்றது என்றும், இடம் பெயர்ந்த முள்ளெலும்பு அதன் ஓட்டத்தைத் தடுக்கின்றது என்றும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நோய்கள் இதனாலேயே விளைகின்றன என்றும் 1910இல் வெளிவந்த தமது நூலில் அவர் எழுதினார். இதற்கிடையே, உத்தரவுச் சீட்டின்றி வைத்தியம் செய்தமைக்காக 1906இல் அவர் சிறை சென்றதும் உண்டு.

சிறை சென்றவர் கொள்கை என்பதற்காக ஒரு கொள்கை பொய்யாகிவிடாது. அவரது மாணாக்கரை ஆங்கில வைத்தியர்கள் நடத்திய முறையும் பெருமைப்படத்தக்கதன்று. அமெரிக்க வைத்தியச் சங்கம் 1963இல் ஒரு குழு அமைத்து, கைரோபிரக்டர்களோடு எவ்விதத் தொழிலுறவும் கூடாதென ஒதுக்கி வைத்தது. 1976இல் அவர்களுட் சிலர் வழக்குத் தொடுத்தனர். 1987இல் நீதிமன்றம் சங்கத்தின் ஒதுக்கல் சட்டவிரோதமென்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை இன்றும் தம் வைத்தியத்துக்குக் கிடைத்த நற்சான்றாகக் காட்டுவோர் உளர். நீதிமன்றம் ஆராய்ந்தது வணிகப் போட்டிச் சட்டம் மீறப்பட்டதா என்பதையே; முதுகை அழுத்தினாற் காது கேட்குமா என்பதையன்று.

சுண்டெலும்பை நெட்டி முறிப்பது போல முதுகிலே எழும் ‘சடக்’ என்னும் ஒலியிலேதான் இவ்வைத்தியத்தின் கவர்ச்சி பெரிதும் தங்கியிருக்கின்றது. இடம் பெயர்ந்த எலும்பு தன் இடத்துக்குத் திரும்பிய ஓசையென்றே பலரும் அதனைக் கருதுகின்றனர். உண்மையில் அது மூட்டினுள்ளே உள்ள வழுவழுப்பான நீர்மத்தில் அமுக்கம் சட்டெனக் குறையும்போது வாயு வெற்றிடம் உண்டாகும் ஓசை. எலும்பு எதுவும் இடம் மாறியதுமில்லை, திரும்பியதுமில்லை. நோய்க்கெல்லாம் மூலமெனப் பாமர் கற்பித்த அந்தப் பெயர்வு வெறும் வரலாற்றுக் கருத்தே என்றும், நோய்க்கு அதுவே காரணம் என்பதற்குச் சான்றில்லை என்றும் பிரித்தானியாவில் இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் பேரவையே 2010இல் அறிவித்தது. இன்றைய கைரோபிரக்டருட் பலர் பாமரின் தத்துவத்தை விட்டுவிட்டு, முதுகு நோவுக்கும் கழுத்து நோவுக்கும் உரிய கைமுறைச் சிகிச்சையாளராகவே தம்மைக் கருதுகின்றனர். வளர்ந்தோரின் முதுகு நோவுக்கு அச்சிகிச்சை ஓரளவு ஆறுதல் தருகின்றது. ஏனைய வழிகளைவிட மேலானதாகவோ கீழானதாகவோ அது காணப்படவில்லை. அவர்களோடு நமக்கு வழக்கில்லை.

வழக்கு, குழந்தைகளைப் பற்றியது. குழந்தைகளுக்கு முதுகு நோவதில்லை. அல்லது நோவதாகச் சொல்ல அவர்களுக்குத் தெரியாது. ஆகவே அவர்களை நாடும் வைத்தியம் வேறு காரணங்களைத் தேடிக்கொள்ள வேண்டியதாகின்றது. பிறப்பின்போது கழுத்து நெரிந்தது என்பர். அதனால் அழுகை, காது வலி, தொய்வு, படுக்கையில் நனைத்தல், படிப்பில் மனம் பதியாமை என்று பட்டியல் நீளும். பாமரின் தொண்ணூற்றைந்து விழுக்காடு, வளர்ந்தோர் வாசலாற் போய்க் குழந்தைகள் வாசலால் மீண்டும் நுழைகின்றது.

இப்பட்டியலை எடுத்துப் பேசியதற்காக ஓர் எழுத்தாளர் பட்ட பாடு அறியத்தக்கது. பஞ்சாபிலிருந்து குடிபெயர்ந்த பெற்றாருக்கு இங்கிலாந்திற் பிறந்தவர் சைமன் சிங். விஞ்ஞானத்தைப் பொதுமக்களுக்கு எடுத்துரைப்பதில் வல்லவர். குழந்தைகளின் அழுகை, காது நோய், தொய்வு போன்றவற்றுக்கு இச்சிகிச்சையாற் பயனுண்டு என்பதற்குச் சான்றில்லை என்று 2008 ஏப்ரலில் ‘கார்டியன்’ பத்திரிகையில் அவர் எழுதினார். பிரித்தானிய கைரோபிரக்டிக் சங்கம் பத்திரிகையை விட்டு அவர்மேல் மட்டும் மானநட்ட வழக்குத் தொடுத்தது. 2009இல் முதல் நீதிபதி, சங்கம் அறிந்தே ஏமாற்றுகின்றது என்பதே கட்டுரையின் பொருள் எனக் கொண்டமையால், சிங் தாம் சொல்லாத ஒன்றை நிரூபிக்க வேண்டிய இக்கட்டில் வீழ்ந்தார். 2010 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றி, அது எழுத்தாளரின் அபிப்பிராயமே என்றும், விஞ்ஞான விவாதங்களைத் தீர்க்கும் இடம் நீதிமன்றமன்று என்றும் கூறியது. இரண்டு வாரத்துக்குள் சங்கம் வழக்கைக் கைவிட்டது. அவ்வழக்கால் எழுந்த கிளர்ச்சி, இங்கிலாந்தின் மானநட்டச் சட்டம் 2013இல் திருத்தப்படுவதற்கு ஒரு காரணமாயிற்று. சான்று கேட்டவனிடம் சான்றைக் காட்டியிருந்தால் நீதிமன்றப் படி ஏறும் தேவையே இருந்திராது.

சான்று இல்லாமலும் இல்லை. அது எப்பக்கம் நிற்கின்றது என்பதே விஷயம். சிசுக்களின் அழுகையை முதலில் எடுத்துக்கொள்வோம். நன்றாகப் பால் குடித்து, நிறையும் ஏறி, நோய் எதுவுமில்லாத சிசு, மாலையானதும் வீரிட்டு அழத் தொடங்கி மணிக்கணக்கில் ஓயாது அழுவதை ஆங்கில வைத்தியர் ‘கொலிக்’ என்பர். நம் வீடுகளில் வயிற்றுப் பொருமல் என்பர், நாவூறு என்பாரும் உளர், ஓமநீர் புகட்டுவர். ஒரு நாளில் மூன்று மணிக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுவது என 1954இல் அமெரிக்க வைத்தியர் வெசல் இதற்கோர் அளவு வகுத்தார். காரணம் இன்றுவரை தெளிவாகவில்லை. போக்கு மட்டும் தெளிவு: ஆறாவது வார அளவில் உச்சமடையும், மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்கும். எந்தப் பெற்றாரும் அழுகை சிறிதாக இருக்கும்போது சிகிச்சை தேடிப் போவதில்லை. பொறுக்க இயலாத உச்சத்திலேதான் போவர். உச்சத்துக்கு அடுத்தது இறக்கமே. அந்த வாரத்தில் முதுகை அழுத்தினாலும், ஓமநீர் கொடுத்தாலும், நூல் கட்டினாலும், ஒன்றுமே செய்யாதிருந்தாலும் அழுகை குறையத்தான் போகின்றது. புகழ் கடைசியாகக் கை வைத்தவருக்குச் சேரும்.

இம்மயக்கத்தைத் தெளிவிக்க நோர்வே நாட்டில் ஓர் அழகிய சோதனை செய்தனர். அதன் முடிவு 2001இல் வெளிவந்தது. இத்தகைய சிசுக்களைத் தாதி ஒருவர் பெற்றாரிடமிருந்து வாங்கி வேறோர் அறைக்குக் கொண்டு சென்றார். அங்கே ஒரு பகுதியினருக்குக் கைரோபிரக்டர் சிகிச்சை செய்தார்; மற்றப் பகுதியினரைத் தாதி பத்து நிமிடம் வெறுமனே கையில் வைத்திருந்தார். எந்தக் குழந்தைக்கு எது நடந்தது என்பது பெற்றாருக்குத் தெரியாது. சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு எழுபது வரையிலானோர் முன்னேறினர். பெறாதோருள்ளும் நூற்றுக்கு அறுபது பேர் முன்னேறினர். இடையிலுள்ள வேறுபாடு தற்செயலால் விளையக்கூடிய அளவினதே. இதற்கு முன் 1999இல் டென்மார்க்கிலே நடந்த ஒரு சோதனை சிகிச்சைக்குச் சாதகமாக முடிந்ததுண்டு; ஆனால் அதிலே பெற்றாருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அழுகையின் அளவைக் குறித்து வைத்தவரும் பெற்றாரே. அறிந்தவர் கணக்குக்கும் அறியாதவர் கணக்குக்கும் இடையே உள்ள தூரத்தை இவ்விரண்டு சோதனைகளும் அளந்து காட்டுகின்றன.

தொய்வு நோயைப் பற்றிய சோதனை கனடாவில் நடந்தது, 1998இல் வெளிவந்தது. 7 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள், வழக்கமான மருந்தைத் தொடர்ந்தவாறே, நான்கு மாதம் சிகிச்சை பெற்றனர். பாதிப் பேருக்கு உண்மையான சிகிச்சை. பாதிப் பேருக்கு அது போன்ற பாவனை. இரு பகுதியினரும் சற்றுத் தேறினர். இரு பகுதியினருக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. படுக்கையில் நனைக்கும் பிள்ளைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: ஆண்டுதோறும் அவர்களுள் நூற்றுக்குப் பதினைந்து பேர் வரை எந்த வைத்தியமுமின்றியே அப்பழக்கம் நீங்கப் பெறுகின்றனர். அழுகையைப் போலவே இங்கும் காலம் செய்ததை வைத்தியம் தன் கணக்கில் எழுதிக்கொள்கின்றது.

இப்போது தடையின் காரணத்துக்கு வருவோம். ‘குழந்தையின் முதுகை முறித்துவிடுவார்கள்’ என்னும் அச்சமே பொதுமக்களிடம் மேலோங்கியிருக்கின்றது. விக்ரோறியா அரசின் நோயாளர் பாதுகாப்பு நிறுவனம் 2019இல் நடத்திய ஆய்வு, அவுஸ்திரேலியாவில் இதனால் விளைந்த தீங்குக்கு மிகச் சொற்பமான சான்றே உண்டு எனக் கண்டது. நேர்மையாக இதனை ஒப்புக்கொள்ளல் வேண்டும். உலகளாவிய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி 2007இல் வெளியான ஒரு தொகுப்பு, நேரடித் தீங்கு நேர்ந்த பிள்ளைகள் 14 பேரைக் கண்டது. அவர்களுள் 9 பேருக்கு நேர்ந்தது கடுந்தீங்கு. மூளையுறையில் இரத்தக் கசிவும் கால்கள் செயலிழத்தலும் அவற்றுள் அடங்கும். உலகம் முழுவதும் இத்தனை ஆண்டில் 14 பேர் என்றால் அது சிறு தொகையே. வெளிவராதவை எத்தனை என்பது வேறு. ஆனால் அதே தொகுப்பில் இன்னொரு தொகையும் உண்டு. உண்மை நோய் கண்டறியப்படுவது தாமதித்து, அல்லது தகாத சிகிச்சையில் காலம் கழிந்து, துன்புற்ற பிள்ளைகள் 20 பேர். நீரிழிவும் புற்றுநோயும் முதுகெலும்பிலே தேடப்பட்டன. கை செய்த கேட்டிலும் காலம் செய்த கேடு பெரிது. தலைகீழாகத் தொங்கிய சிசுவின் படம் இதனைக் காட்டாது. இழந்த வாரங்களைப் படம்பிடிக்க முடியாதல்லவா?

அதே 2019 ஆய்வுக்குப் பெற்றார் பல்லாயிரவர் கருத்துரைத்தனர். பிள்ளைக்குச் சிகிச்சை பெற்றதாகக் கூறியோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதின் மேற்பட்டோர் திருப்தியே தெரிவித்தனர். இவ்வெண்ணைத் தொழிலினர் கேடயமாகப் பிடிப்பதில் வியப்பில்லை. ஆயினும் தானே ஆறும் நோய்களைத் தேர்ந்து சிகிச்சை செய்பவருக்கு இத்தகைய எண் கிடைக்காமற் போனாற்றான் வியப்பு. அத்துடன், திருப்தியடைந்தவர் பெற்றார். சிகிச்சை பெற்றவர் அவரல்லர். நோவையும் நன்மையையும் வாய் திறந்து கூறக்கூடிய வளர்ந்தவர் ஒருவர், சான்று குறைந்த வைத்தியத்தைத் தம் விருப்பால் நாடலாம்; உடல் அவருடையது. இரண்டு வாரச் சிசுவின் சம்மதத்தை மற்றொருவரே கொடுக்கின்றார். இரவல் சம்மதத்தின்மேல் நடக்கும் வைத்தியத்தில், நன்மை உண்டென நிரூபிக்கும் பொறுப்பு கை வைப்பவருடையதே. தீங்கு நிரூபிக்கப்படவில்லை என்பது போதாது. தடையை நான் ஆதரிப்பது இதனாலேதான்.

வைத்திய உலகமும் தன் முகத்தைக் கண்ணாடியிற் பார்த்துக்கொள்ள வேண்டும். கொலிக்குக்கென வைத்தியர்கள் ஒரு காலத்தில் எழுதிக்கொடுத்த டைசைக்ளோமின் என்னும் மருந்து, சிசுக்களின் மூச்சைத் தடைசெய்யக் கண்டு ஆறு மாதத்துக்குட்பட்டோர்க்கு விலக்கப்பட்டது. வாயுவைக் கலைக்குமென இன்றும் கடைகளில் விற்கப்படும் துளிமருந்து, வெறும் பாவனை மருந்தைவிட மேலானதாகக் காணப்படவில்லை. பத்து நிமிடத்தில், ‘ஒன்றுமில்லை, தானே சரியாகும்’ என்று சொல்லி அனுப்பும் வைத்தியரின் சொல் உண்மையானதே. ஆனால் தாயும் தந்தையும் மாத்திரமே உள்ள வீட்டில், பேர்த்தியும் இல்லை, மாமியும் இல்லை, மாடியின் கீழே அயலவர் சுவரைத் தட்டுகின்றனர், விடிந்தால் வேலை என்ற நிலையில், அந்த உண்மையை இரவு இரண்டு மணிக்கு எங்கே வைப்பது? கைரோபிரக்டரோ அரை மணி நேரம் கேட்கின்றார்; குழந்தையைக் கையில் வாங்குகின்றார்; காரணம் ஒன்று சொல்கின்றார்; மீண்டும் வாருங்கள் என்கின்றார். அவர் விற்பது பெரும்பாலும் அந்த அரை மணி நேரமே. அதனை ஏனையோரும் கொடுத்தாலன்றித் தடையினால் மட்டும் இவ்வாசல் அடைபடாது. குழந்தையைத் தொட்டிலிலே மல்லாக்கக் கிடத்திவிட்டு, ஐந்து நிமிடம் வெளியே போய் மூச்சு வாங்கிக்கொள்வது குற்றமன்று என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்வது, எத்தனையோ தாய்மாருக்கு மருந்தைவிடப் பெரிது. களைப்பின் வெறியிலே சிசுவைக் குலுக்கிவிடும் பெருந்தீங்கையும் அச்சொல் தடுக்கின்றது.

பன்னிரண்டு பதின்மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைகளின் விஷயம் வேறு. அவர்களுக்கு முதுகு உண்மையாகவே நோகும். அதனைச் சொல்லவும் தெரியும். நாட்பட்ட முதுகு நோவுள்ள 12 முதல் 18 வயது வரையான 185 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஒரு சோதனை 2018இல் வெளிவந்தது. உடற்பயிற்சி மட்டும் செய்தோரைவிட, பயிற்சியோடு கைமுறைச் சிகிச்சையும் பெற்றோர்க்கு ஓராண்டுக் காலத்தில் நோவு சற்றுக் கூடுதலாகக் குறைந்தது. வேறுபாடு சிறிதெனினும் மறைக்கத்தக்கதன்று. குழந்தைகளுக்கு வேண்டாமென நான் சொல்வதை இவர்களுக்கும் சொன்னால் சான்றைக் கேட்கும் என் வாயை நானே அடைப்பதாகும். இரவில் உறக்கம் கலைக்கும் நோவு, காய்ச்சல், காலிற் சோர்வு என்பன இருந்தால் மட்டும் முதலில் வைத்தியசாலைக்கே போதல் வேண்டும்.

முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைந்து வளரும் கோணலை இவ்வயதின் இன்னோர் ஆபத்தென்று கூறலாம். நூறு பிள்ளைகளுள் இருவர் மூவருக்கு இது உண்டு. பெரிதாக வளைவது பெண்பிள்ளைகளிலேயே அதிகம். புத்தகப் பையின் பாரத்தால் வருவது என்பது தவறான நம்பிக்கை. உடல் வேகமாக உயரும் இரண்டொரு ஆண்டிலேயே வளைவும் விரைகின்றது. அக்காலத்தில் உடலோடு இறுகப் பொருந்தும் காப்புச் சட்டை அணிவதால் வளைவு சத்திரசிகிச்சை எல்லையை எட்டாது தடுக்கலாம் என்பதை 2013இல் வெளியான ஒரு பெருஞ்சோதனை நிறுவியது. அணிந்தோருள் நூற்றுக்கு 72 பேர் அவ்வெல்லையை எட்டாது தப்பினர். அணியாது கண்காணிக்கப்பட்டோருள் 48 பேர். வேறுபாடு அத்துணைத் தெளிவாக இருந்தமையாற் சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரமளவில் அணிந்தோர்க்கே பயன் மிகுதி. பள்ளித் தோழியர் நடுவே அச்சட்டையை அணிவது ஒரு சிறுமிக்கு எத்தனை கடினம் என்பதைச் சொல்ல வேண்டுமா? கையால் அழுத்தி நேராக்கிவிடலாம், சட்டை வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவளும் பெற்றாரும் அதனையே நம்ப விரும்புவர். வளைவை அவ்வாறு நிறுத்தலாம் என்பதற்கு இத்தகைய சான்று கிடையாது. எலும்பு முதிர்ந்தபின் சட்டையாற் பயனில்லை.

அவுஸ்திரேலியச் சபை வரைந்த கோடு இரண்டு வயதில் நிற்கின்றது. விக்ரோறியா ஆய்வோ, அழுகை, காது நோய், தொய்வு, படுக்கையில் நனைத்தல் முதலிய நோய்களின் பெயர் சொல்லி, அவற்றுக்காகப் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட எவருக்கும் இச்சிகிச்சை செய்யலாகாதென்று பரிந்துரைத்திருந்தது. பரிந்துரையே அறிவுக்குப் பொருந்துவது. நூற்றில் பெரும்பாலான காது நோய்கள் சில நாளில் தானே ஆறுவன. அவை மலிந்த பருவமோ இரண்டு வயதோடு முடிவதன்று. இரண்டாவது பிறந்தநாளுக்கு மறுநாள் அதே பிள்ளை, அதே காது வலியோடு, அதே மேசைமீது கிடத்தப்படலாம். கோட்டின் இப்புறத்திலே அதற்குக் காவல் எதுவும் வைக்கப்படவில்லை.